பாதி தெரிந்த ஜேர்மன் பழமொழிகள்

பிள்ளைகளே, போன குளிர்காலம் முழுக்க நான் சனிக்கிழமைகளில் ஒரு பழைய கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பார்த்தீர்கள். சில நாட்கள் நீங்களும் வந்தீர்கள். ஆனால் அங்கே நடந்ததை முழுதாக நான் உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் இடையில் சிரிப்பு வந்துவிடும். இல்லாவிட்டால் அம்மா புகுந்து மிச்சத்தைச் சொல்லிவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் ஓ லெவல் கூட முடிக்காதவன். பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கனடாவுக்கு வருவதற்கு முன் ஏழு வருடம் ஜேர்மனியில் இருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு சின்ன ஊர். அகதிகள் இருக்கும் விடுதியை நாங்கள் ‘ஹைம்’ என்போம். ஒரு அறையில் நாலு பேர். அங்கிருந்து சைக்கிளில் போய் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினேன். எனக்கு மொழி படிப்பிக்க ஒருவரும் இல்லை. அகதிக் கேஸ் முடியாதவர்களுக்கு வகுப்பும் கிடையாது. நான் கேட்ட ஜேர்மன் எல்லாம் அந்தக் குசினியில் கேட்டதுதான்.

அங்கே தலைமைச் சமையல்காரி ஒரு பெரிய உடம்புக்காரி. சாதாரணமாகப் பேசுவது குறைவு. எது நடந்தாலும் ஒரு பழமொழியை எடுத்து எறிவார். நான் பிந்தி வந்தால் காலை நேரத்தைப் பற்றிய ஒன்று. யாராவது கோப்பையை உடைத்துவிட்டு ‘நான் இல்லை’ என்றால் பொய்யின் கால்களைப் பற்றிய ஒன்று. முதலாளியைப் பற்றி நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போது முதலாளியே கதவைத் திறந்தால் பிசாசைப் பற்றிய ஒன்று. அதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஏன் என்று தெரியாது.

எனக்கு அது பெரிய கவலையாக இருந்தது. மற்றவர்கள் சிரிப்பதற்குக் காரணம் தெரியாமல் சிரிப்பது ஒரு மாதிரி. ஆகவே ஒரு கொப்பி வாங்கினேன். இடது பக்கத்தில் சமையல்காரி சொன்னதைத் தமிழ் எழுத்தில் எழுதுவேன். வலது பக்கத்தில் கருத்து. கருத்தை ஒருவரும் சொல்லித் தரவில்லை. எது நடந்தபோது சொன்னார் என்பதைப் பார்த்து நானே யோசித்து எழுதினேன். ஏழு வருடத்தில் நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டது. கனடாவுக்கு வரும்போது பெட்டியில் உடுப்பு குறைவு, ஆனால் கொப்பி வந்தது. ஏழு வருடம் படித்த ஒரே பாடம் அதுதானே.

இனிப் பக்கத்து வீட்டு அங்கிளுக்கு வருகிறேன்.

ஸ்காபரோவில் இந்த வீட்டை வாங்கி வந்த முதல் நாளே அவர் ஜேர்மன்காரர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெயரைக் கேட்டு அல்ல. குப்பைத்தொட்டியைப் பார்த்து. குப்பை லொறி வந்துபோய்ப் பத்து நிமிடத்துக்குள் அவருடைய தொட்டி வீட்டுக்குள் போய்விடும். எங்களுடையது அடுத்த நாளும் தெருவில் நிற்கும். நான் வேலியடியில் நின்று ஜேர்மனில் காலை வணக்கம் சொன்னபோது அந்த மனிசன் கையில் இருந்த தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டார். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று கதைத்தோம். மழை, புல்லு, தக்காளி. அதற்கு மேலே பெரிதாக ஒன்றுமில்லை. மனைவி செத்த பிறகு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கதைத்தார். ஒரே மகள் காரில் அரை மணித்தியாலத்துக்கு மேல் தள்ளி ஒஷாவாவில் இருக்கிறார்.

போன ஒக்ரோபரில் ஒரு வியாழக்கிழமை உங்கள் அம்மா ஜன்னலால் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“இஞ்சாருங்கோ, அங்கிளின்ர தொட்டி இன்னும் வெளியில நிக்குது.”

“நிக்கட்டுமன்.”

“என்னப்பா நிக்கட்டும் எண்டுறீங்கள்? மணி பத்தாகுது. போய்ப் பாருங்கோ.”

போய்ப் பார்த்தேன். பின்கதவு பூட்டியிருக்கவில்லை. குசினியில் விழுந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை.

பாரிசவாதம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். வலது கை விளங்கவில்லை, கால் கொஞ்சம் பரவாயில்லை. பேச்சுத்தான் போய்விட்டது. அறுபது வருடம் பேசிய இங்கிலிஷும் இல்லை, பிறந்து பேசிய ஜேர்மனும் இல்லை. எதைக் கேட்டாலும் ‘யா, யா’ என்றார். இன்னொரு சொல்லும் மிஞ்சியிருந்தது. அது ஒரு கெட்ட வார்த்தை. நேர்ஸ் ஊசி போடும்போது மிகத் தெளிவாக வந்தது. மகள் முகம் சிவந்துபோய் என்னைப் பார்த்தார். நான் விளங்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாங்கள் போய்ப் பார்த்ததை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஆட்கள் நோயாளியைப் பார்க்கப் போவது உங்களுக்குத் தெரியும். அம்மா சூப் கொண்டுவந்தார். நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். கோயிலில் அம்மாவுக்குப் பழக்கமான கோயில் அன்ரியும் தானும் வரவேண்டும் என்று காரில் ஏறிவிட்டார். கட்டிலைச் சுற்றி ஐந்து பேர்.

“அங்கிள், சாப்பிட்டனீங்களோ? சாப்பிட்டிருக்க மாட்டார், பாவம்.”

“குளிருதோ? குளிரும். அந்தப் போர்வையை இழுத்து விடு, பிள்ளை.”

“நித்திரை வருகுதோ? ஓம், களைச்சுப் போனார்.”

ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நாங்களே பதிலையும் சொன்னோம். அவர் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டார். களைப்பு என்று நினைத்து இன்னும் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தோம்.

மார்கழியில் அவரை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். நடக்கவும் பேசவும் பயிற்சி கொடுக்கிற இடம். அங்கே ஒருநாள் மகள் என்னை வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மார்ச் கடைசியில் ஒரு கூட்டம் வைப்பார்களாம். தனியாக இருக்கும்போது ஏதாவது நடந்தால் தொலைபேசியில் உதவி கேட்க அவரால் முடியுமா என்று பார்ப்பார்களாம். முடியாவிட்டால் வீட்டை விற்று, முதியோர் இல்லத்தில் விடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

“அப்பா அந்த வீட்டை விட்டால் செத்துப்போவார்,” என்றார். அவர் சொன்னது இங்கிலிஷில். அழவில்லை, ஆனால் காரைத் திறக்கிற திறப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிக்கொண்டே இருந்தார். ஒஷாவாவில் மகளுடைய வீடு இரண்டு அறை மட்டும் உள்ள மேல்மாடி. படி ஏற அங்கிளுக்கு ஏலாது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் ஒரு இளம் பெண். அவர் ஒரு புதினமான விஷயம் சொன்னார். பேச்சுப் போனவர்களுக்குச் சின்ன வயதில் வாயில் ஊறிய பாட்டு, செபம், பழமொழி இவை சிலவேளை மூளையில் வேறு ஒரு மூலையில் தப்பி இருக்குமாம். அதைத் தட்டிப் பார்க்கலாமாம். வீட்டில் யாராவது சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். மகளுக்கு ஜேர்மன் விளங்கும், அவ்வளவுதான். இன்ரர்நெற்றில் பழமொழிப் பட்டியல் ஒன்றை எடுத்து அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். அங்கிள் ‘யா, யா’ என்று தலையை ஆட்டினார். மூன்று கிழமை அப்படியே போயிற்று.

நான் அடுத்த சனிக்கிழமை கொப்பியைக் கொண்டுபோனேன். பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. அன்றைக்கு அம்மாவுக்கு வேலை, உங்களுக்குப் பரீட்சைக்குப் படிப்பு. நான் தனிய. முதல் பக்கத்தைத் திறந்து, காலை நேரத்தைப் பற்றியதை வாசித்தேன். வாசித்து முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாய் அசைந்தது. கெட்ட வார்த்தைதான் வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் வந்தது வேறு நாலு சொல். சுத்தமான ஜேர்மன். தாளத்தோடு வந்தது.

நான் திகைத்துப்போனேன். அவர் பேசிவிட்டார் என்பது ஒரு திகைப்பு. மற்றது, அந்த நாலு சொல்லையும் நான் என் வாழ்க்கையில் கேட்டதே இல்லை.

அடுத்ததை வாசித்தேன். பிசாசைப் பற்றியது. பேசாமல் இருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். அதற்கும் ஒரு வால் வந்தது. பிறகு காட்டைப் பற்றியது, ஆப்பிள் பழத்தைப் பற்றியது, கண்ணாடி வீட்டைப் பற்றியது. என் கொப்பியில் இருந்ததெல்லாம் பாதிப் பழமொழிகள்!

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் குசினியில் எல்லோருக்கும் மிச்சம் தெரியும். ஆகவே சமையல்காரி ஒருநாளும் முழுதாகச் சொல்லவில்லை. முதல் பாதியைச் சொல்லிவிட்டுக் சட்டியைக் கிண்டப் போய்விடுவார். மற்றவர்கள் மிச்சத்தை மனசுக்குள் முடித்துச் சிரிப்பார்கள். நான் அதுதான் முழுதும் என்று நினைத்து, அழகாகக் கோடு போட்டு எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்து, கடல் கடந்து கொண்டுவந்திருக்கிறேன்.

வாசலில் நின்ற பயிற்சிப் பெண் உள்ளே ஓடிவந்தார்.

“நீங்கள் எவ்வளவு நன்றாகக் காத்திருக்கிறீர்கள்! வீட்டு ஆட்கள் ஒருவராலும் அது முடிவதில்லை. எல்லோரும் தாங்களே முடித்துவிடுவார்கள்.”

“நான் காத்திருக்கேல்லை, எனக்கு மிச்சம் தெரியாது,” என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னேன். அவர் அதை நான் அடக்கமாகச் சொல்வதாக நினைத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனியும் போனேன். அங்கே உங்களுக்குள் நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? சின்னவள் தன் போனில் தேடி எல்லாவற்றின் மறுபாதியையும் பாடமாக்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் நான் முதல் பாதியைச் சொன்னதும் அவள் மிச்சத்தை வாய்க்குள் முணுமுணுப்பாள். அவருக்கு வருகிறதும் நின்றுவிடும்.

“ஓ மை கோட், அவரை ஃபினிஷ் பண்ண விடடி,” என்று மூத்தவள்.

“நான் ஹெல்ப் பண்ணுறன்.”

“நீ ஹெல்ப் பண்ணாமல் இருக்கிறதுதான் ஹெல்ப். அப்பாவைப் பார், ஒண்டும் தெரியாமல் எவ்வளவு வடிவாய் இருக்கிறார்.”

அப்படி ஒரு பாராட்டை நான் முன்பு வாங்கியதில்லை.

ஆனால் மாசி மாதம் பயிற்சிப் பெண் எங்களை உட்காரவைத்து உண்மையைச் சொன்னார். பழமொழியை முடிப்பது பேச்சு அல்ல. பாட்டுப் பாடுவது மாதிரி. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். ‘நான் விழுந்துவிட்டேன், வாருங்கள்’ என்று சொல்லப் பழமொழி உதவாது. அது அவருடைய சொந்தச் சொல்லாக வரவேண்டும். மார்ச் கூட்டத்துக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. மகள் அன்றைக்கே வீடு விற்கிறவர் ஒருவரோடு பேசிவிட்டதாக, போகும்போது மெதுவாகச் சொன்னார். பார்க்கிங்கில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வீட்டுக்கு வர மனமில்லாமல் காருக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தேன். பத்தொன்பது வருடத்தில் அந்த மனிசனிடம் நான் ஒரு கோப்பி கூட வீட்டுக்குள் போய்க் குடித்ததில்லை.

அடுத்த கிழமை நாங்கள் குடும்பமாகப் போனோம். கோயில் அன்ரியும் வந்தார். என் கொப்பியில் சமையல்காரர்களைப் பற்றிய ஒன்று இருக்கிறது. அதன் முதல் பாதியைச் சொன்னேன். அவர் மறுபாதியைச் சொன்னார். அதில் ஒரு சொல் எனக்கு விளங்கவில்லை, விட்டுவிட்டேன். கருத்தைப் பெருமையாகப் பிள்ளைகளுக்கும் அன்ரிக்கும் தமிழில் சொல்லி, பிறகு அவருக்கும் ஜேர்மனில் சொன்னேன். வலது பக்கத்தில் எழுதியிருந்தபடியே:

“சமையலுக்குக் கன ஆட்கள் சேர்ந்தால் வேலை லேசு, சாப்பாடும் ருசி. அதுதானே?”

எங்களுக்கு அது இயற்கைதானே. சாமத்தியவீடு மாதிரி ஒரு விசேஷம் என்றால் பத்துப் பேர் வெங்காயம் உரிப்போம்.

அங்கிளின் முகம் மாறியது. இடது கையால் கட்டில் கம்பியில் தட்டினார்.

“இல்லை.”

நான் கொப்பியை இன்னொருமுறை பார்த்தேன்.

“இல்லை. பிழை. நீர்... பிழை.” ஜேர்மனில்தான் சொன்னார். மூச்சு வாங்கினார். விரலை நீட்டி என்னைக் காட்டினார். “நீர்.” அம்மாவைக் காட்டினார். “மனிசி.” உங்களைக் காட்டினார். “பெட்டையள்.” கோயில் அன்ரியைக் காட்டினார். சொல் வரவில்லை, கையை அகலமாக விரித்து அன்ரியின் பருமனைக் காட்டினார். “எல்லாரும் கதை. கதை, கதை, கதை.” பிறகு தன் நெற்றியைத் தொட்டார். “என்ர தலை... பழுது.”

பிறகு மூத்தவள்தான் முதலில் சிரித்தாள்.

“என்னவாம் சொல்லுறார்?” என்று அன்ரி கேட்டார்.

“ஆக்கள் கூடினால் வேலை கெட்டுப்போகும் எண்டதுதான் உதின்ர கருத்தாம் அன்ரி,” என்றேன். கை காட்டியதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அது அவருடைய சொந்தப் பேச்சு. கொப்பியில் இல்லாதது, பாட்டில் இல்லாதது. எங்களைத் திட்டுவதற்காகத் தேடித் தேடி எடுத்த சொற்கள். அந்த நேரம் எனக்கு இன்னொன்றும் உறைத்தது. ஜேர்மனியில் ஒரு நத்தார்ப் பண்டிகைக் காலம் ரெஸ்ரோறன்ரில் வேலை கூட என்று ஹைமிலிருந்து இரண்டு பொடியன்களை உதவிக்குக் கூட்டிப்போனேன். சமையல்காரி குசினி வாசலில் நின்று இதே பழமொழியைத்தான் சொன்னார். பாராட்டுகிறார் என்று நினைத்து அடுத்த நாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

இதைப் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னபோது அவர் கொப்பியைப் புரட்டினார். தமிழ் தெரியாதுதானே, வலது பக்கத்தைக் காட்டி, “இதெல்லாம் உங்கள் கருத்துகளா? இவையும் பிழையா?” என்று கேட்டார்.

“பெரும்பாலும் பிழையாய்த்தான் இருக்கும்.”

“அருமை. எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லுங்கள்.”

அதற்குப் பிறகு நாங்கள் செய்தது அதுதான். நான் கருத்தைச் சொல்வேன், அவர் திருத்துவார். காட்டைப் பற்றியதற்கு, ‘காட்டுக்குள் சத்தம் போடக் கூடாது’ என்று எழுதி வைத்திருந்தேன். அவர் இடது கையால் தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் மற்றவர்களோடு பேசுகிற விதத்தில்தான் அவர்களும் எங்களோடு பேசுவார்கள் என்ற கருத்தை விளங்கப்படுத்த அவருக்கு இருபது நிமிடம் எடுத்தது. நான் நேர்ஸாக இருக்க வேண்டும், அவர் கத்த வேண்டும், பிறகு அவர் பணிவாகக் கேட்க வேண்டும். அப்படி நடித்துக் காட்டினோம். இடையில் இங்கிலிஷும் வரத் தொடங்கியது, ஒவ்வொரு சொல்லாக. பிழையான கருத்துகள் எனக்கு இத்தனை இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

மார்ச் கூட்டத்தில் ஐந்து பேர் மேசையைச் சுற்றி இருந்தார்கள். மகள் என்னையும் வரச் சொன்னார். தண்ணீர் கூடக் குடிக்காமல் இருந்தேன். ஒரு உத்தியோகத்தர் தொலைபேசியைக் கொடுத்து, “நீங்கள் குளியலறையில் விழுந்துவிட்டீர்கள். கூப்பிடுங்கள்,” என்றார். மறுமுனையில் அடுத்த அறையில் ஒரு நேர்ஸ்.

அங்கிள் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தார். வரவில்லை. மகள் வாயைத் திறந்தார். நான் மேசைக்குக் கீழே கையைக் காட்டினேன், வேண்டாம் என்று. எங்கள் வீட்டுக் குசினி மணிக்கூடு மாதிரி ஒன்று அந்த அறையில் அடித்துக்கொண்டிருந்தது.

“நான்,” என்றார் இங்கிலிஷில். “விழுந்தது. வாங்கோ.”

“எங்கே வரவேண்டும்?”

வீட்டு இலக்கம் சொன்னார். பிழை. நானே பயந்துபோனேன். அவர் கண்ணை மூடினார். “இல்லை,” என்று தன்னைத்தானே திருத்திச் சரியான இலக்கத்தைச் சொன்னார். பயிற்சிப் பெண் மகளின் கையைப் பிடித்தார். முதலே சரியாகச் சொன்னதைவிட, பிழை என்று தானே கண்டுபிடித்ததுதான் பெரிது என்று பிறகு எனக்குச் சொன்னார்.

வீட்டுக்குப் போக விட்டார்கள். நிபந்தனைகள் இருந்தன: காலையில் ஒரு உதவியாளர் வரவேண்டும், கழுத்தில் அவசரப் பொத்தான் போட்டிருக்க வேண்டும், அதை அமுக்கினால் முதலில் ஒஷாவா மகளுக்கும் அடுத்ததாக எங்கள் வீட்டுக்கும் போன் அடிக்க வேண்டும். மகள் வீடு விற்கிறவரைக் கூப்பிட்டு, வேண்டாம் என்று சொன்னார். சித்திரையில் அங்கிள் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அம்மா கோழிக்கறி கொடுத்தார். உறைப்பு என்று முழுச் சொல்லில் சொன்னார்.

இப்போது நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நீங்கள் இரண்டு பேரும் நித்திரை. புல்லு முழங்கால் அளவு வளர்ந்துவிட்டது என்று மெஷினை வெளியே எடுத்தேன். இப்போதெல்லாம் சனிக்கிழமையும் எனக்கு வேலை. ஸ்ரார்ட் பண்ணி இரண்டு வரிசை வெட்டியிருப்பேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் பைஜாமாவோடு நின்றார். இடது கையைத் தூக்கிக் காட்டினார். நான் மெஷினை நிப்பாட்டினேன்.

“இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை,” என்றார். ஒவ்வொரு சொல்லாக, ஆனால் ஒன்றும் தவறாமல். “சத்தம் வேண்டாம். நாளைக்கு வெட்டும்.” ஜேர்மனியில் ஞாயிற்றுக்கிழமை புல்லு வெட்டிச் சத்தம் போடக் கூடாது என்பது சட்டம்.

“நாளைக்கு எனக்கு வேலை, அங்கிள்.”

யோசித்தார். நான் பேசாமல் நின்றேன்.

“அப்ப செவ்வாய்,” என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

மெஷினைத் தள்ளிக்கொண்டு கராஜுக்குள் வைத்தேன். முற்றத்தில் இரண்டு வரிசை மட்டும் வெட்டின புல்லு செவ்வாய்க்கிழமை வரை அப்படியே நின்றது. தெருவில் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை.